நில் பேலன்ஸ்

எங்கள் தொழிலில் "நில் பேலன்ஸ்" என்று சொன்னால் எதிரே நிற்பவர் முகம் சுருங்கிவிடும். எனக்கு மட்டும் வருடத்துக்கு ஒருமுறை வரும் ஒரு தாளில் அந்த நில்லைப் பார்த்தால்தான் சோறு இறங்கும். அந்தத் தாளில் நில் என்று போடமாட்டார்கள். "டார்கெட் நாட் டிடெக்டட்" என்று போடுவார்கள். ரத்தத்தில் தேடினோம், வைரஸ் அகப்படவில்லை என்று அர்த்தம்.

சுற்றி வளைப்பானேன். எனக்கு எச்ஐவி இருக்கிறது. 2014-ல் மதுரையில் தெரிந்தது. எப்படி வந்தது என்ற கேள்வி உங்கள் நாக்கு நுனியில் நிற்பது புரிகிறது. சொல்லப்போவதில்லை. சர்க்கரை வந்தவனிடம் எத்தனை லட்டு தின்றாய் என்று கேட்பவர்கள்கூட உரிமையோடு கேட்கிறார்கள். இதில் கேட்கும்போது மட்டும் குரல் மாறிவிடுகிறது. மனைவிக்கு இல்லை, மகளுக்கு இல்லை. அது போதும்.

2019-ல் நாக்பூருக்கு மாற்றல் வந்தபோது என்னுடன் வேலை பார்த்தவர்கள் துக்கம் விசாரித்தார்கள். எனக்கு உள்ளுக்குள் ஒரே நிம்மதி. ஊரில் ஏஆர்டி சென்டர் வாசலில் நிற்கும்போது பெரியப்பா மகன் பைக்கில் கடந்து போவானோ என்று தலையைக் குனிந்தே ஐந்து வருடம் ஓட்டியவன் நான். இங்கே அந்தப் பயம் இல்லை. என் பச்சைப் புத்தகத்தோடு இந்த ஊர் அரசு மருத்துவமனைக்கு மாற்றிக்கொண்டேன். நாற்பத்தைந்து டிகிரி வெயிலும், காலையில் காரக் குழம்பு ஊற்றிய அவலும் பழகிவிட்டன. (தர்ரி போஹா என்பார்கள். அசிடிட்டிக்கு அழைப்பிதழ். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.) ஆனால் தெரிந்தவர் யாரும் பார்க்காத ஊரில், ஒன்று ஆகிவிட்டால் ஓடிப்போய்ச் சொல்லவும் ஆள் கிடையாது. இது பிறகுதான் உறைத்தது.

2014-லிருந்து நான் சாப்பிட்டது டெனோஃபோவிர், லாமிவுடின், எஃபாவிரென்ஸ் மூன்றும் சேர்ந்த ஒற்றை மாத்திரை. ராத்திரி படுக்கும்போது போடவேண்டும். இந்த எஃபாவிரென்ஸ் இருக்கிறதே, கனவுக்குப் பெயர் போனது. ரீஜனல் மேனேஜர் எங்கள் ஊர்த் தேரை ஓட்டிக்கொண்டு கிளைக்குள் வருவதெல்லாம் வாரம் ஒருமுறை நடக்கும். அதுவும் பழகிப்போனது. ஏழு வருடத்தில் ஒரு வேளை விட்டதில்லை. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. பின்னால் வரும் சண்டைக்கு இது முக்கியம்.

2021 ஜூலையில் மாத்திரையை மாற்றினார்கள். எஃபாவிரென்ஸ் போய் டொலுடெக்ராவிர் வந்தது. நாடு முழுவதும் அப்போது நடந்துகொண்டிருந்த மாற்றம்தான். எனக்குக் கோளாறு என்று மாற்றவில்லை. மாற்றுவதற்கு முன் எடுத்த வைரல் லோடும் நில். புது மருந்து வைரஸைச் சீக்கிரம் அடக்கும், கெட்ட கனவு கிடையாது, எப்போது வேண்டுமானாலும் போடலாம் என்றார்கள். ஆனந்தம்.

முதல் வாரம் பழையபடி ராத்திரியில் போட்டேன். தூக்கம் வரவில்லை. மருத்துவரிடம் சொன்னேன், காலைக்கு மாற்றிக்கொள்ளச் சொன்னார். பல பேருக்கு அப்படித்தான் மாற்றிக் கொடுக்கிறார்களாம். மாற்றினேன். தூக்கம் வந்தது. நான் செய்த ஒரே திருத்தம் அதுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆறு மாதம் கழித்து, 2022 ஜனவரியில் ரத்தம் கொடுத்தேன். பிப்ரவரி நடுவில் ரிசல்ட் வந்தது. அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போயிருந்தேன். கவுன்சிலர் அம்மா புத்தகத்தைப் பார்த்தார், கம்ப்யூட்டரைப் பார்த்தார், மறுபடி புத்தகத்தைப் பார்த்தார். காசோலையில் கையெழுத்து ஒத்துப்போகாதபோது நான் இப்படித்தான் மேலும் கீழும் பார்ப்பேன். அப்போதே வயிறு கலங்கிவிட்டது.

மில்லிலிட்டருக்கு 2,740 காப்பி. (கும்பகோணம் டிகிரி காப்பி இல்லை. வைரஸ் காப்பி.)

"பாவு, கோலி சூட்டீ க்யா?"

மாத்திரையை விட்டீர்களா என்கிறார். கோலி என்றால் இந்தியில் மாத்திரை. எனக்கு எப்போதும் தெருவில் குழி தோண்டி விளையாடிய கோலிக்குண்டு நினைவு வந்து சிரிப்பு வரும். அன்று வரவில்லை. இல்லை என்றேன். ஒரு நாள்கூடவா என்றார். ஒரு நாள்கூட இல்லை என்றேன். ஊருக்குப் போயிருந்தபோது? பண்டிகைக்கு? விரதம் எதுவும்? இல்லை, இல்லை, இல்லை. அவர் தலையாட்டினார். நான் நம்பவில்லை, ஆனால் திட்டமாட்டேன் என்று சொல்லும் தலையாட்டல் அது. தவணை கட்டிவிட்டேன் சார் என்று ரசீது இல்லாமல் வந்து நிற்கும் விவசாயிகளிடம் நானும் அப்படித்தான் ஆட்டியிருக்கிறேன். அது வாங்குகிறவனுக்கு எப்படி இருக்கும் என்று அன்றைக்குத் தெரிந்தது.

அடுத்து என்ன என்றேன். மூன்று மாதம் மாதாமாதம் வரவேண்டும், மாத்திரை ஒழுங்காகப் போகிறதா என்று உட்கார்ந்து பேசுவோம், பிறகு மறுபடி வைரல் லோட் எடுப்போம் என்றார். அப்போதும் 1,000-க்குக் கீழே வராவிட்டால் மாநில அளவில் இருக்கும் நிபுணர் குழுவுக்குப் போகும், அவர்கள் பார்த்து வேறு மருந்துக்கு மாற்றுவார்கள்.

மூன்று மாதம், தொண்ணூறு நாள்! கடன் கணக்கில் தொண்ணூறு நாள் தாண்டினால் வாராக்கடன். அதற்கு முன்னால் எஸ்.எம்.ஏ-0, 1, 2 என்று மாதத்துக்கு ஒரு படியாக இறக்குவோம். ஸ்கூட்டர் ஸ்டாண்டில் நின்று நான் எனக்கே வகைப்பாடு செய்துகொண்டேன். சிரிக்காதீர்கள், மூளை தனக்குத் தெரிந்த பாஷையில்தான் பயப்படும்.

பயந்தது எண்ணுக்கு மட்டும் இல்லை. அம்மாவின் தம்பி ஒருவர் லாரியில் போய்வந்துகொண்டிருந்தவர். 1999-ல் எங்கள் வீட்டு மாட்டுத் தொழுவத்தை ஒட்டிய அறையில் நாலு மாதம் கிடந்தார். தட்டு தனி, தம்ளர் தனி. நான் அப்போது பி.காம். படித்துக்கொண்டிருந்தேன். வாசல்வரை போய் சாப்பாட்டை வைத்துவிட்டுத் திரும்புவேன், உள்ளே போனதில்லை. இலவச ஏஆர்டி இந்தியாவில் தொடங்கியது 2004 ஏப்ரல் 1-ஆம் தேதி. முதலில் தொடங்கிய சில இடங்களில் நம் தாம்பரமும் ஒன்று. மாமா அதற்கு ஐந்து வருடம் முன்னால் போய்விட்டார். வருடா வருடம் நில் வந்துகொண்டிருந்தவரை அந்த அறை எனக்கு நினைவில் வராது. 2,740 வந்த அன்று நேராக அங்கேதான் போய் நின்றேன்.

அன்று சாயங்காலம் வீட்டில் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் ராத்திரி சொன்னேன், சொல்லாமல் இருக்க எனக்கு உரிமை இல்லை என்பதால். வைரஸ் அகப்படாத அளவில் இருக்கும்வரை அது தாம்பத்தியம் வழியாகப் பரவாது. அந்த நம்பிக்கையில் வாழ்கிறவர்கள் நாங்கள். 1,000-க்குக் கீழே இருந்தால் பரவும் வாய்ப்பு இல்லையென்றே சொல்லலாம், அகப்படாவிட்டால் சுத்தமாக இல்லை என்று உலக சுகாதார நிறுவனமே 2023-ல் எழுத்தில் கொடுத்தது. நான் 1,000-க்கு மேலே போய் உட்கார்ந்திருந்தேன். எத்தனை மாதமாக என்றும் தெரியாது.

அவள் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். குழாயை மூடினாள்.

"மாத்திரையை விட்டீங்களாங்க?"

அதே கேள்வி. கவுன்சிலர் கேட்டபோது வராத கோபம் இங்கே வந்தது. "தினம் நீதானே எடுத்து வைக்கிற, உனக்குத் தெரியாதா?" என்று கத்திவிட்டேன். மகள் படிக்கிற அறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவள் பதில் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "எனக்கும் ஒரு டெஸ்ட் எடுத்துரலாம்" என்று மட்டும் சொன்னாள். எடுத்தோம். இல்லை என்று வந்தது. அந்த ரிசல்ட்டுக்காகக் காத்திருந்த அரை மணி நேரத்தை எழுத எனக்குத் தெம்பு இல்லை. மறுபடி ஆணுறைக்குத் திரும்பினோம். மருந்துக் கடைக்காரப் பையன் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு மரியாதை இருந்தது, அது வேறு கதை.

அந்த ஒரு மாதம் எப்படிப் போயிற்று என்று கேட்டால், காலையில் செல்போனில் அலாரம், மாத்திரை போட்டதும் காலண்டரில் டிக். ஏழு வருடம் தேவைப்படாத டிக். கிளையில் மார்ச் முடிவு நெருங்கிக்கொண்டிருந்தது. எல்லோரும் முகம் கடுத்துத் திரிந்ததால் என் முகம் தனியாகத் தெரியவில்லை. எச்ஐவி இருப்பதை வேலை இடத்தில் சொல்லவேண்டிய கட்டாயம் இல்லை, அதை வைத்து வேலையில் பாகுபாடு காட்டக்கூடாது என்று 2017-ல் சட்டமே போட்டுவிட்டார்கள், 2018 செப்டம்பரிலிருந்து அமலில் இருக்கிறது. சட்டம் சரிதான். மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்துவிட்டு மூடி வைப்பவனிடம் "என்ன சார், டயட்டா?" என்று கேட்டால் என்ன சொல்வது என்று சட்டத்தில் இல்லை.

மார்ச்சில் இரண்டாவது உட்காரல். அன்று மருத்துவரும் இருந்தார், சின்னப் பையன், மகளுக்கு அண்ணன் மாதிரி இருப்பான். வேறு மருந்து எதுவும் எடுக்கிறீர்களா என்றார். இல்லை என்றேன். பி.பி.? இல்லை. சுகர்? இல்லை. ஆயுர்வேதம், நாட்டு மருந்து? இல்லை சார். எல்லாம் உண்மையான பதில். பொய் சொல்லவில்லை என்று இன்றைக்கும் சத்தியம் செய்வேன்.

அப்போது கவுன்சிலர் அம்மா பேனாவை எடுத்தார். "பாவு, காலையில் கண் விழித்ததில் இருந்து ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். என்ன குடித்தீர்கள், என்ன விழுங்கினீர்கள், எல்லாம்."

சொன்னேன். ஆறரைக்கு எழுந்திருப்பேன். பல் விளக்குவேன். வெந்நீர் ஒரு தம்ளர். நெஞ்சு எரிச்சல் இருப்பதால் அந்த ரோஸ் கலர் சிரப் இரண்டு ஸ்பூன். பிறகு தட்டில் இருக்கிறதைப் போட்டுக்கொள்வேன்.

"தட்டில் என்ன இருக்கும்?"

"இந்த மாத்திரை. அப்புறம் கால்சியம். ஜிங்க்."

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார். மருத்துவரைப் பார்த்தார். மருத்துவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

கிளை ஆய்வுக்குப் போனால் நானும் இதைத்தான் செய்வேன். மொத்தக் கணக்கு ஒத்துப்போகிறதா என்று கேட்டால் எல்லாம் சரி சார் என்பார்கள். ஒவ்வொரு வவுச்சராக எடு என்றால்தான் விஷயம் விழும். இத்தனை வருட அனுபவத்தில் எனக்கு நானே அதைச் செய்துகொள்ளத் தோன்றவில்லையே என்று வெட்கமாக இருந்தது.

விஷயம் இதுதான். டொலுடெக்ராவிருக்கு உலோகச் சத்துகளைக் கண்டால் ஒட்டிக்கொள்ளும் குணம். வைரஸின் நொதி ஒன்றில் இருக்கும் மக்னீசியத்தைப் பிடித்துக்கொண்டுதான் அது வேலையே செய்கிறது. வயிற்றுக்குள்ளேயே அலுமினியம், மக்னீசியம், கால்சியம், இரும்பு, ஜிங்க் என்று கூட்டம் இருந்தால் அங்கேயே அவர்களோடு சேர்ந்துவிடும். ரத்தத்துக்கு வராது. கல்யாணத்துக்குக் கிளம்பியவர் வழியில் டீக்கடையில் தெரிந்த முகங்களைப் பார்த்து அங்கேயே உட்கார்ந்துவிடுவார் இல்லையா, அந்த மாதிரி. அசிடிட்டி சிரப்பில் அலுமினியமும் மக்னீசியமும்தான் இருக்கிறது. சேர்த்துக் குடித்தால் மருந்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு உடம்பில் சேராது. கால்சியமும் இரும்பும் அவ்வளவு மோசம் இல்லை, சாப்பாட்டோடு சேர்த்து இரண்டையும் போட்டால் பாதகம் கிடையாது. வெறும் வயிற்றில் போட்டால் அவையும் நிறையப் பிடுங்கிக்கொள்ளும். நான் வெறும் வயிற்றில் மூன்றையும் கூட்டணி சேர்த்து விழுங்கியிருக்கிறேன், ஆறு மாதமாக, ஒரு நாள் விடாமல். என் ஒழுங்கே எனக்கு எமன்.

பழைய மாத்திரைக்கு இந்தத் தொல்லை இல்லை. அது ராத்திரியில் தனியாகப் போகும். காலைத் தட்டு காலையில் போகும். நான்தான் புதுசைக் காலைக்கு மாற்றி, எல்லாம் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் இருந்தால் மறக்காது என்று வரிசைப்படுத்தினேன். மாற்றும்போது சிரப்பைப் பற்றிச் சொன்னார்களோ, சொல்லியும் என் காதில் விழவில்லையோ, இப்போது யாரைக் கேட்பது. சொல்லியிருந்தாலும் "மருந்து" என்றுதான் சொல்லியிருப்பார்கள். சிரப்பையும் சத்து மாத்திரையையும் நம் வீடுகளில் யார் மருந்தென்று நினைக்கிறோம்? டிபன் சாமான் மாதிரித்தான்.

அந்தத் தட்டு எப்படி வந்தது என்பதுதான் எனக்குக் கஷ்டம். 2021 ஏப்ரல், மே. நாக்பூரில் கொரோனா இரண்டாம் அலை. எங்கள் அடுக்ககத்தில் மாடிக்கு ஒரு வீடாவது பூட்டிக் கிடந்தது. ராத்திரியெல்லாம் ஆம்புலன்ஸ் சத்தம். வங்கி மட்டும் திறந்திருந்தது, நான் தினம் போய்வந்தேன். அவள் சாமி விளக்கேற்றிவிட்டு ஒரு எவர்சில்வர் தட்டில் ஜிங்க், கால்சியம் எல்லாம் எடுத்து வைத்துவிட்டு நான் விழுங்குகிறவரை நிற்பாள். அந்த இரண்டு மாதம் அவள் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். அலை போனது, தட்டு நின்றுவிட்டது.

இதை அவளிடம் சொல்வதா? சிரப்போடு நிறுத்திக்கொள்ளலாம் என்று வழியெல்லாம் யோசித்தேன். சிரப் நானாக வாங்கியது, போஹா நானாகத் தின்றது, பழி என்னோடு போகும். ஆனால் ஜிங்க்கைச் சொல்லாவிட்டால் நாளைக்கும் தட்டில் இருக்கும். சொன்னேன்.

ரொம்ப நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "நானே குடுத்தேனாங்க" என்றாள். இல்லை, சிரப்தான் பெரிய காரணம் என்றேன். "நானே எடுத்து வெச்சு, முழுங்குற வரைக்கும் நின்னு பாத்தேனே" என்றாள் மறுபடி. அன்றைக்குக் கத்தினேனே, நீதானே எடுத்து வைக்கிற என்று, அந்த வார்த்தை திரும்பி வந்து என் மேலேயே விழுந்தது. மன்னிப்புக் கேட்டேன். கல்யாணமாகி அதுவரை நான் அப்படி வாய்விட்டுக் கேட்டதில்லை. அவள் அதைக் காதில் வாங்கினாளா என்று தெரியவில்லை.

மருத்துவர் போட்டுக்கொடுத்த கணக்கு சுலபம். மாத்திரை காலை ஏழு மணிக்கு, தண்ணீரோடு தனியாக. சிரப் குடிப்பதானால் மாத்திரைக்கு இரண்டு மணி நேரம் கழித்து. முன்னால் குடிப்பதானால் ஆறு மணி நேர இடைவெளி, அதாவது நள்ளிரவு ஒரு மணிக்குப் பிறகு தொடக்கூடாது. கால்சியம் மத்தியானச் சாப்பாட்டோடு. ஜிங்க் வேண்டவே வேண்டாம். மாத்திரையை மாற்றவேண்டுமா என்று கேட்டேன். அவசரப்படாதீர்கள் என்றார். எஃபாவிரென்ஸ் என்றால் வைரஸ் ஒரே ஒரு இடத்தில் உருமாறினாலே மருந்து வீணாகிவிடும். டொலுடெக்ராவிர் அவ்வளவு லேசில் விட்டுக்கொடுக்காது, ஒழுங்காக உள்ளே போனால் பெரும்பாலும் திரும்ப அடக்கிவிடும் என்றார்.

மே மாதம் ரத்தம் கொடுத்தேன். ஜூனில் ரிசல்ட். 140.

நில் இல்லை! கவுன்சிலர் அம்மா முகம் முழுக்கச் சிரிக்கிறார், நான் அந்த 140-ஐ வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். 1,000-க்குக் கீழே வந்துவிட்டது, இறங்கிக்கொண்டிருக்கிறது, இதற்கு மேல் என்ன வேண்டும் என்று கேட்கிறார். புத்திக்குப் புரிகிறது. ஆனால் பேலன்ஸ் ஷீட் பார்த்தே பழகிய ஜென்மம், ஒரு ரூபாய் உதைத்தாலும் ராத்திரி பத்து மணி வரை தேடியிருக்கிறோம். நூற்று நாற்பதை எந்தக் கணக்கில் போடுவது?

வெளியே வந்து வீட்டுக்குப் போன் போட்டேன். "நூத்தி நாப்பது" என்றேன். எதிர்முனையில் மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது. "வெறும் நூத்தி நாப்பதா, இல்ல ஆயிரம் லட்சம்னு பின்னாடி ஏதாவது இருக்கா?" என்றாள். வங்கிக்காரன் பெண்டாட்டி. வெறும் நூற்று நாற்பது என்றதும் அழுதாள். எனக்குப் பிறகுதான் சந்தோஷம் வந்தது, அவள் அழுததைக் கேட்டு.

டிசம்பரில் நில் வந்தது. அதற்கப்புறம் வருடா வருடம் நில்தான். இந்த மாத்திரையில் நான் ஏழு கிலோ ஏறியிருக்கிறேன், சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, அது பாட்டுக்கு ஒரு பஞ்சாயத்து. நெஞ்சு எரிச்சலும் போகவில்லை, போஹாவையும் நான் விடவில்லை.

ரோஸ் கலர் சிரப் பாட்டில் இப்போது சாமி அலமாரிக்கு மேலே, ஸ்டூல் போட்டால்தான் எட்டும் இடத்தில் இருக்கிறது. வேண்டுமென்றால் அவளிடம் கேட்கவேண்டும். அவள் முதலில் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பாள், விரல் விட்டு எண்ணுவாள், அப்புறம்தான் ஸ்டூலை இழுப்பாள்.